அவள் முதலில் பறந்தாள்

எங்கள் பக்கத்தில் மேடு என்று சொன்னால் வாய்க்கால் கரையைத்தான் சொல்வார்கள். கீழ்வேளூரிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் தரை ஒரே மட்டமாகத்தான் இருக்கும். மலையை நான் பாடப்புத்தகத்திலும் காலண்டரிலும்தான் பார்த்திருந்தேன். இருபது வயது வரை நான் ஏறிய பெரிய உயரம், தஞ்சாவூரில் நான் படித்த பெண்கள் கல்லூரியின் விடுதி மொட்டைமாடி. மூன்று மாடி.

அந்த மாடிக்கு என்னை முதலில் இழுத்துப்போனவள் என் அறைத்தோழி. அதிராம்பட்டினத்துக்காரி. அவளுடைய வாப்பா மலேசியாவில் வியாபாரம் செய்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி நிறைய சாமான்களோடு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவார். என் அப்பா அப்போது அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் வாங்கியதெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகு. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். விடுதியில் முதல் வாரம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எட்டாவது நாள் அவள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஊமையா, இல்ல திமிரா? எதுன்னு சொல்லிட்டா அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்குவேன்."

சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் நாங்கள் பேச்சை நிறுத்தவே இல்லை.

இரண்டாம் ஆண்டில் அவள் எங்கிருந்தோ ஒரு பத்திரிகைப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். பச்சை மலைச்சரிவு. அதற்கு மேலே வளைந்து விரிந்த சிவப்புத் துணி. அதிலிருந்து இறங்கும் கயிறுகளின் முனையில், வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருப்பதுபோல ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாராகிளைடிங் என்ற வார்த்தையை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அதில்தான். இன்ஜின் கிடையாது, மலையில் மோதி மேலே ஏறும் காற்றிலேயே மிதப்பது என்று போட்டிருந்தது. இருவரும் இயற்பியல் மாணவிகள். அது எப்படி நடக்கிறது என்று புரிந்தது. புரிந்ததால் ஆசை அதிகமாயிற்று. அவள் அந்தப் பக்கத்தை அலமாரிக் கதவின் உட்புறத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள்.

"வேலைக்குப் போனதும் முதல் லீவுல போறோம். நீயும் நானும் மட்டும். புருஷன், புள்ள யாரும் கிடையாது."

"உங்க வாப்பா விடுவாங்களா?"

"வேலைக்குப் போறவளை யாருடீ விடணும்?"

வேலை என்றால் ஆசிரியை வேலை. படிப்பு முடிந்ததும் ஒரே இடத்தில் பி.எட். சேர்வது என்று பேசி முடித்திருந்தோம். விண்ணப்பப் படிவங்களைக்கூட நான் வாங்கி வைத்துவிட்டேன். கடைசித் தேர்வு முடிந்து ஊருக்குப் போன இரண்டாவது வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பினாங்கில் கடை வைத்திருக்கும் உறவுக்காரரோடு நிக்காஹ் முடிவாகிவிட்டது, வரும் ஞாயிற்றுக்கிழமை, கட்டாயம் வா என்று நாலே வரி. பி.எட். பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போது எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஒரு சண்டைகூடப் போடாமல் தலையை ஆட்டிவிட்டாளே என்று நினைத்தேன். அவள் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பஸ் மாறி பஸ் ஏறி, அதிராம்பட்டினத்தில் போய் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, அவளைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று யோசித்தேன். அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் எல்லார் முன்னாலும் சண்டை போட்டுவிடுவேன் என்று பயம் வந்தது. ஒரு மணி நேரம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பட்டுக்கோட்டை பஸ் வந்தது. ஏறித் திரும்பிவிட்டேன்.

பினாங்கிலிருந்து இரண்டு கடிதங்கள் போட்டாள். நான் பதில் எழுதவில்லை. மூன்றாவது வரவில்லை. வீம்பு வடிந்து நான் எழுதியபோது, அந்த முகவரியில் ஆள் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. பிறகு பி.எட்., வேலை, கல்யாணம், மகன். பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை ஆனேன். ஒருமுறை தேர்தல் வேலைக்காக வேதாரண்யம் பக்கம் போயிருந்தேன். டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அதிராம்பட்டினம் என்று போர்டு போட்ட பஸ் ஒன்று கடந்து போனது. அது உப்பளங்களைத் தாண்டிக் கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கூட வந்த டீச்சர், "தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இருபது வருஷம் கழித்து, யாரோ ஆரம்பித்த கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அவள் என் எண்ணைப் பிடித்தாள். முதலில் வந்தது ஒரு குரல் பதிவு. வணக்கமோ விசாரிப்போ எதுவும் இல்லை. "நீ ஊமையா, இல்ல திமிரா?" அவ்வளவுதான். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஆசிரியர் அறையில் அதை நான்கு முறை கேட்டேன்.

அந்த டிசம்பரில் அவளுடைய உம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாதம் ஊரில் இருப்பதாகப் பினாங்கிலிருந்து வந்தாள். "உன் அரையாண்டு லீவுல எனக்கு மூணு நாள் குடுத்துடு. வாகமண் போறோம். டிக்கெட், ரூம் எல்லாம் எங்கிட்ட விடு. நீ வந்து நில்லு, போதும்."

தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். எனக்கு நரைத்திருந்தது; அவள் பருத்துவிட்டாள், கண்ணாடி போட்டிருந்தாள்.  அவள் என் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கார் பிடித்திருக்கலாம். வேண்டாம் என்றாள். பஸ்ஸில் போனால்தான் பேச நேரம் கிடைக்கும் என்று அவள் கணக்கு. திருச்சி, திண்டுக்கல், தேனி, குமுளி என்று மாறி மாறிப் போனோம். சம்பா கதிர் வாங்கி நின்ற வயல்கள் திருச்சியோடு முடிந்தன. தேனியைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. ஆசிரியையான பிறகு பள்ளிச் சுற்றுலாவில் இரண்டு முறை மலை ஏறியிருக்கிறேன். நாற்பது பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணியதைத் தவிர ஒன்றும் நினைவில்லை. இந்த முறை எண்ணுவதற்கு ஒருத்திதான் இருந்தாள். அவளும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வாகமண்ணில் குன்றுகள் மரமே இல்லாமல் புல் போர்த்திக்கொண்டு அடுத்தடுத்துக் கிடந்தன. பறக்கும் இடம் அவற்றில் ஒன்றின் விளிம்பு. அங்கே ஒரு கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் தொங்கியது. எங்களை அழைத்துப்போக இருந்த பைலட்டுக்கு முப்பது வயதிருக்கும். மலையாளம் கலந்த தமிழ். நாங்கள் போய்ச் சேர்ந்த மதியம் மேகம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது.

"இன்னைக்கு ஒண்ணும் நடக்காது சேச்சி. நாளைக்கு நோக்கலாம்."

மறுநாள் காலையில் போனோம். மேகம் விலகவில்லை. புல்லில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்து, வேகவைத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். எதிரே பத்தடிக்கு அப்பால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீ ஏன்டீ என் கல்யாணத்துக்கு வரல?"

இந்தக் கேள்விக்கு இருபது வருஷமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, "காய்ச்சல்" என்றேன்.

"நான் நெனச்சேன். காய்ச்சலாத்தான் இருக்கும்னு நானே எல்லார்ட்டயும் சொன்னேன்." கடலைத் தோலை ஊதித் தள்ளினாள். "அன்னைக்கு வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே எட்டிப் பாப்பேன், நீதான்னு. எங்க ராத்தா, அதான் எங்க அக்கா, தலையில குட்டுனா. மாப்புள்ளையத் தேடுறேன்னு நெனச்சிட்டா."

சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் நான் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ ஏன் ஒத்துக்கிட்டே? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாமே" என்று கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை. அந்தக் கோபம் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"யார்கிட்டடீ பேசுறது? வாப்பாவுக்கு அந்த மாசம்தான் நெஞ்சு வலி வந்துச்சு. கடையை வித்துட்டு வந்து படுத்துட்டாங்க. எம் மவள ஒருத்தன் கையில குடுத்துட்டாப் போதும்னு அழுதாங்க. படுத்துக் கெடக்குறவங்களோட என்ன சண்டை போடுறது? லெட்டர்ல அதையெல்லாம் எழுதணும்னுதான் உக்காந்தேன். எழுத எழுத அழுகையா வந்துச்சு. அதான் நாலு வரியோட நிறுத்திட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடலையின் உப்புத் தண்ணீரில் அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் திடீரென்று மேகம் கிழிந்தது. எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது: தேயிலைத் தோட்டங்கள், நூல்போல ஒரு சாலை, அதற்கும் அப்பால் நீலமாக இன்னும் மலைகள். துணிக்குழாய் நிமிர்ந்தது. பைலட் ஓடிவந்தார்.

"காற்று சரியாயிட்டு. ஒருத்தர் இப்ப வாங்க. இது நின்னா அடுத்தவரும் போகலாம். சீக்கிரம்."

அன்றைக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். இருவருக்கும் வார்பட்டையையும் ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டார்.

"நீ போ" என்றாள்.

"நீ போ."

"ஏய், சும்மா இரு. நீதான் சின்னவ."

"ரெண்டு மாசம் சின்னவ. போடீ" என்று அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினேன். எதையோ திருப்பிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அது தெரியாது.

அவள் முக்காட்டைக் கழுத்தோடு இறுக்கிச் செருகிக்கொண்டாள். பைலட் அவளுக்குப் பின்னால் தன்னைப் பிணைத்துக்கொண்டார். புல்லில் விரித்திருந்த ஆரஞ்சுத் துணி ஒரே மூச்சில் எழுந்து தலைக்கு மேலே நின்றது. "ஓடணும் சேச்சி, உக்காரக் கூடாது, ஓடணும்!" நாலு எட்டு ஓடினாள். ஐந்தாவது எட்டுக்குத் தரை இல்லை. "யா அல்லாஹ்" என்ற அவள் குரல் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு, விடுதி மாடியில் கேட்ட அதே சிரிப்பு. விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினார்கள். பிறகு காற்று அவர்களைத் தூக்கியது. என் தலைக்கு நேர் மேலே வந்து வளைந்தபோது அவளுடைய செருப்பின் அடிப்பாகம் வரை தெரிந்தது. நான் என் மஞ்சள் துப்பட்டாவைக் கழற்றி வீசிக்கொண்டே இருந்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

அவர்கள் கீழே புல்வெளியில் இறங்கி ஜீப்பில் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் மேகம் மறுபடியும் மூடிவிட்டது. நான் ஹெல்மெட்டோடு அந்த வெள்ளைக்குள் நின்றேன். பைலட் வந்து துணிக்குழாயைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். என் வார்பட்டையை அவரே கழற்றினார்.

  அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"மேல போனதும் சத்தமே இல்லடீ. காத்துச் சத்தம் மட்டும். இருவது வருஷமா எனக்கு அப்படி ஒரு அஞ்சு நிமிஷம் கெடச்சதில்ல. கடை, பிள்ளைங்க, மாமியார், டிவி. மேல போயி முதல்ல உன்னத்தான் தேடுனேன். மஞ்சளா ஒரு பொட்டு மாதிரி தெரிஞ்சே."

மூன்றாம் நாள் காலையில் காற்று பின்பக்கமிருந்து வீசியது. அப்படி வீசினால் பறக்கவே முடியாது என்றார் பைலட். அவளுடைய உம்மாவை மறுநாள் டாக்டரிடம் காட்ட வேண்டும். மதியத்துக்கு முன் கிளம்பினோம். தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை பஸ்ஸின் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, "அடுத்த டிசம்பர். நீ பறக்கணும், நான் கீழ நின்னு பாக்கணும். நான் மட்டும் போனது பாதிதான்" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கண்டக்டர் விசில் அடித்தார்.

அந்த வருஷம் முழுவதும் நாங்கள் தினமும் பேசினோம். முன்பு அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் ஏங்கினேன். இப்போது அவள் சமையலறைச் சுவரின் நிறம்கூடத் தெரிந்தது, ஏக்கம் குறையவில்லை, கூடிற்று. ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்த அன்று அவளுக்குப் படம் அனுப்பினேன். அவள் சீக்கிரமே டிக்கெட் போட்டுவிட்டாள். நவம்பர் கடைசியில் அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. டிக்கெட்டை ரத்து செய்தாள்.

"நீ போ" என்றாள் போனில். "எனக்காகப் போகாம இருந்தேன்னு வச்சுக்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

வீட்டில் சொன்னேன். "நானும் வரட்டுமா?" என்று என் கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. திருச்சி வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டுப் போனார்.

பைலட்டுக்கு என்னை நினைவிருந்தது. "கழிஞ்ச வருஷம் பறக்காம போன சேச்சியல்லே? கூட வந்தவங்க எங்க?"

"வரல."

அன்றைக்குக் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. வெயில் தெளிவாக இருந்தது, காற்று ஒரே சீராக முகத்தில் வந்து மோதியது. அவ்வளவு சுலபமாக அது அமைந்ததே எனக்கு வருத்தமாக இருந்தது. ஓடச் சொன்னார், ஓடினேன். பின்னாலிருந்து யாரோ தோளைப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. அடுத்த கணம் என் கால்கள் வெறும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. தரை கீழே போய்விட்டது.  பத்து வருஷத்துக்கும் மேலாக நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய காற்று என்னை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போயிற்று. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு பெண் கூடையோடு நின்று நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் நிழல் ஒரு சின்ன மீனைப்போல அவளைக் கடந்து போனது.

போன வருஷம் அவள் சொன்னது சரி. சத்தமே இல்லை. கயிறுகளில் காற்று உரசும் ஓசை மட்டும்.

பைலட் குன்றின் பக்கமாகத் திருப்பினார். விளிம்பில் இருபது பேர் நின்றிருந்தார்கள். சிலர் கையசைத்தார்கள். யாரும் என்னைத் தெரிந்து அசைக்கவில்லை. போன வருஷம் நான் நின்ற இடத்தில் ஒரு குடும்பம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நான் அந்த இடத்தையே பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது.

"பேடியா சேச்சி? பயமா இருக்கா? இறக்கட்டுமா?"

"வேணாம். இன்னும் கொஞ்ச நேரம் போங்க" என்றேன்.

புல்வெளியில் இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்து அவளை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பறந்தியா?"

"பறந்தேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் இல்ல. நான் உன் கல்யாணத்துக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். உன் மேல கோபம். திரும்பிப் போயிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.  பிறகு அவள் குரல் உடைந்து வந்தது.

"பஸ் ஸ்டாண்டுலேருந்து எங்க வீடு நடந்தா அஞ்சு நிமிஷம்டீ."

"தெரியும்."

"என்ன புடவை கட்டியிருந்தே?"

"அம்மாவோட பச்சைப் புடவை."

போனை வைத்துவிட்டாள்.

ஆறு நாள் பேசவில்லை. நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்தாள், பதில் போடவில்லை. பள்ளி திறந்தது. விடைத்தாளைத் திருத்தும்போது ஒரே தாளை இரண்டு முறை திருத்தினேன். என் கணவர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உங்க அதிராம்பட்டினத்து சிநேகிதிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஏழாவது நாள், வெள்ளிக்கிழமை மதியம், குரல் பதிவு வந்தது. நாலு நிமிஷம். முதல் மூன்று நிமிஷம் திட்டு. அப்படி ஒரு திட்டை நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. திட்டி முடித்து மூக்கை உறிஞ்சினாள்.

"மாமியாரை விட்டுட்டு என்னால இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நகர முடியாது. நீ வா. நீ என் வீட்டு வாசப்படி மிதிச்சு உள்ள வரணும். ஏர்போர்ட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன்னு வை, அப்புறம் இருக்கு உனக்கு."

அரசு ஆசிரியர் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமென்றால் துறையில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. போன வாரம் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் வாசலெல்லாம் தூசி. மோர் கொடுத்தேன். படிவத்தில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எந்த நாட்டுக்கு டீச்சர்?"

"மலேசியா. பினாங்கு."

"அங்க யாரு இருக்காங்க? சொந்தக்காரங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும் நேரம் பதினொன்றரை. அந்த நேரத்தில் எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்து வந்ததா என்று கேட்கிறேன். வந்தால் அவர்களே கூப்பிடுவார்கள் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.